கிராங் (துவிச்சக்கரவண்டி): வீதி வகையும் தட வகையும்

மிதிப்பவரின் கால்விசையைச் செயினுக்கு மாற்றும் தொகுதி கிராங் எனப்படும். இரு தண்டுகள், அவற்றை இணைக்கும் அச்சு, வலத் தண்டில் பூட்டிய பற்சக்கரம் ஆகியவை இதில் அடங்கும். வீதிப் பந்தய வண்டிக்கும் வெலோட்ரோமில் ஓடும் தட வண்டிக்கும் இத்தொகுதி அளவிலும் அமைப்பிலும் வேறுபடும். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையிலான புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் மீன்பெட்டியும் தேங்காய் மூட்டையும் சுமந்து ஓடும் கனத்த வண்டிகளின் கிராங் இவ்விரண்டிலும் சேராதது. ஆயினும் ஒற்றைப் பற்சக்கரம், அகலமான செயின் ஆகிய இரண்டாலும் அது தட வகைக்கே நெருங்கியது.

தோற்றம்

சக்கரத்தைக் கால்விசைத் தண்டால் முதலில் சுழற்றியவர் யார் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 1839இல் ஸ்கொட்லாந்தின் கொல்லர் கேர்க்பற்றிக் மக்மிலன் செய்ததாக ஒரு சாரார் கூறுவர். அதற்கான சான்று போதாது என்பர் வேறு சிலர். முன்சக்கர அச்சில் மிதிதண்டு பூட்டிய வண்டிக்கு 1866இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் பியர் லாலமோ. பாரிஸ் நகரின் மிஷோ குடும்பத்தாருக்கும் இதே பெருமை கோரப்படுகிறது. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டாலியின் ரோவர் வண்டி செயினால் பின்சக்கரத்தை இயக்கியது. கிராங் பிறேமின் நடுவே, இன்றுள்ள இடத்துக்கு வந்தது இவ்வகை வண்டிகளோடுதான்.

இடப்பக்க மிதிக்கு இடப்புரி வெட்டும் வழக்கத்தை 1900இல் ரைட் சகோதரர்கள் தொடங்கினர் எனப் பரவலாகச் சொல்லப்படுகிறது. பிரித்தானியாவில் அது முன்னரே இருந்தது என்ற கருத்தும் உண்டு. மிதிக்கும்போது மிதி தானாகக் கழன்றுவிடாமல் இந்தப் புரியே காக்கிறது. வீதி, தடம் இரண்டுக்கும் இது பொது.

பிரித்தானிய வண்டிகளும் கொட்டர் பின்னும்

பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் இலங்கைக்கு வந்த ரலி, ஹம்பர், ரட்ஜ் வண்டிகளின் உருக்குக் கிராங்குகளே இந்நாட்டுத் திருத்துநர்களின் கைப்பழக்கத்தை உருவாக்கின. இவற்றின் பற்சக்கரங்களைத் தொலைவிலிருந்தே இனங்காணலாம். ரலியில் நாரைத் தலைகள் வெட்டப்பட்டிருக்கும். ஹம்பரில் ஐந்து மனித உருவங்கள் வட்டமாக நிற்கும். ரட்ஜில் விரித்த கை இருக்கும். ஹம்பரை 1932இலும் ரட்ஜை 1943இலும் ரலி நிறுவனம் தனதாக்கிக்கொண்ட பின்னரும் அந்த உருவங்கள் கைவிடப்படவில்லை. பாரம் தாங்கவேண்டிய ஓர் உருக்குத் துண்டில் இத்தனை அழகை வெட்டிவைத்த தொழிற்சாலை வேலை பாராட்டுக்குரியது.

இவ்வகையில் தண்டை அச்சோடு பூட்டுவது கொட்டர் பின். ஒரு பக்கம் சரிவாகச் சீவிய உருக்கு ஆப்பு இது. சீவிய முகம் அச்சில் உள்ள தட்டையான வெட்டில் அழுந்தி உட்காரும். பின்னைச் சுத்தியலால் அடித்து இறுக்கவேண்டும். நட்டு அதைப் பிடித்துவைப்பதற்கு மட்டுமே. இரு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழையவேண்டும். ஒரே திசையில் அடித்தால் இரு தண்டுகளும் நேர்கோட்டில் நில்லா. மிதிக்கும்போது கால் விந்துவது போல இருக்கும். கழற்றும்போது தண்டின் அடியில் இரும்புக் குழாய் முட்டுக் கொடுத்து அடிப்பதே முறை. முட்டில்லாமல் அடித்தால் குண்டுகள் ஓடும் கப்பில் பள்ளம் விழும்.

புத்தளம் களப்பையும் உப்பளங்களையும் அடுத்த ஊர்களில் உப்புக்காற்று இந்தப் பின்னையும் நட்டையும் விரைவில் துருப்பிடிக்க வைக்கிறது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தட்டுவது பழைய வழி. பூட்டும்போதே கிரீஸ் தடவிவிடுவது அதைவிட நல்லது.

ரலியின் தனிவழக்கு ஒன்று உதிரிப்பாகம் தேடுவோரை நெடுங்காலம் அலைக்கழித்தது. மற்றப் பிரித்தானிய வண்டிகளின் அச்சுக் கப்பில் அங்குலத்துக்கு 24 புரிகள் இருக்க, ரலி 26 புரி வெட்டியது. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு கப்புகளும் ஒன்றின் இடத்தில் மற்றது ஏறா. வலிந்து திருகினால் பிறேமின் புரிதான் அழியும்.

அலுமினியக் கிராங்

1933இல் பிரான்சின் ஸ்ட்ரோங்லைட் நிறுவனம் பின் இல்லாத அலுமினியக் கிராங்கை அறிமுகம் செய்தது. அதன் தண்டு, சரிவான நாற்சதுர அச்சு முனையில் போல்ட்டால் இறுக்கப்படுகிறது. இத்தாலியின் கம்பனோலோ 1958இல் ஐந்து கிளைகள் கொண்ட ரெக்கோட் கிராங்கை வெளியிட்டது. அதன் போல்ட் வட்ட விட்டம் 151 மி.மீ. என்பதால் 44 பல்லுக்குக் குறைந்த சக்கரத்தை அதில் பூட்ட முடியவில்லை. மலை ஏறுவோருக்கு அது போதாது. ஆகவே 1960களின் பிற்பகுதியில் விட்டம் 144 மி.மீ. ஆக்கப்பட்டு 41 பல் வரை இடம் கிடைத்தது.

இரு வகைகளும் பிரிந்தது இதன் பின்னரே. ஏற்றங்களுக்குச் சிறிய சக்கரம் வேண்டியதால் வீதி வகை 130 மி.மீ., பிறகு 110 மி.மீ. என இறங்கியது. ஏற்றமே இல்லாத தடத்தில் பெரிய சக்கரம் மட்டும் போதும். எனவே தட வகை 144 மி.மீ. அளவிலேயே நின்றது. 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கெய்ரின் பந்தயங்கள், அனுமதிபெற்ற பாகங்களை மட்டுமே ஏற்கும் விதியால், இந்தப் பழைய அளவைக் கட்டிக்காத்தன. சுகினோ 75 கிராங் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

வேறுபாடுகள்

வீதி வண்டியில் 50/34, 53/39 போல இரு பற்சக்கரங்கள் இருப்பது வழக்கம். தட வண்டியில் ஒன்றே. இரண்டிலும் பல்லிடைத் தூரம் அரை அங்குலம். வீதிச் செயினின் உள்ளகலம் 3/32 அங்குலம் அல்லது அதிலும் குறைவு. தடச் செயினுக்கு 1/8 அங்குலம். புத்தளத்துக் கனத்த வண்டிகளின் செயினும் 1/8 அங்குலமே.

தட வண்டிக்குப் பிறீவீலும் பிறேக்கும் கிடையா. சக்கரம் ஓடும்வரை கால்களும் சுழலவேண்டும். 250 மீற்றர் தடத்தின் வளைவு 42 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். மெதுவாகச் செல்லும்போது மிதி பலகையில் உரசாதிருக்க 165 மி.மீ. தண்டு வழக்கமாயிற்று. வீதியில் 170 முதல் 175 மி.மீ. வரை பயன்பட்டது. நீண்ட தண்டு கூடுதல் பலன் தருமா என்பதில் பயிற்றுநர்களிடையே உடன்பாடு எட்டப்படவில்லை.

பொருத்தம்

பிறேமின் நடுக்கோட்டிலிருந்து செயின் ஓடும் கோடு தட வண்டியில் 42 மி.மீ., இரட்டைச் சக்கர வீதி வண்டியில் ஏறத்தாழ 43.5 மி.மீ. தொலைவில் அமையும். தட வண்டியில் இந்தக் கோடு பிசகினால் செயின் கழன்று விபத்து நேரலாம். நாற்சதுர அச்சிலும் ஜப்பானிய அளவு, ஐஎஸ்ஓ அளவு என இரண்டு உண்டு. ஒன்றுக்குரிய தண்டை மற்றதில் ஏற்றினால் அதன் இருக்கை சுமார் 4.5 மி.மீ. மாறிவிடும். அகலச் செயின் மெல்லிய பல்லில் ஓடும். மெல்லிய செயின் தடித்த பல்லில் உட்காராது.

அண்மைக் காலம்

2003இல் ஷிமானோ 24 மி.மீ. உள்ளீடற்ற அச்சை வலத் தண்டோடு நிலையாக இணைத்த வீதிக் கிராங்கை வெளியிட்டது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அமெரிக்கப் பெண்கள் அணி இடப்பக்கச் செயின் கொண்ட தட வண்டியை ஓட்டியது. வீதிப் பந்தயத்திலும் 165 மி.மீ. தண்டு பரவி வருகிறது. 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் இலங்கை முழுவதும் துவிச்சக்கரவண்டிக்குத் தேவை பெருகியது.

பழைய வண்டிக்கு மாற்றுக் கிராங் வாங்குவோர் அச்சுக் கப்பின் புரி, அச்சு முனையின் வகை, செயினின் அகலம் ஆகிய மூன்றையும் அளந்த பின்னரே கடைக்குச் செல்லவேண்டும்.