தொண்டைக்குள் வெயில் விட்ட பாட்டு வாத்தியார்

எங்க பெரியப்பா காவடிச் சிந்து பாடுவார். வீரகேரளம்புதூர்க்காரங்களுக்கு அதில் ஒரு உரிமை உண்டு. ஊற்றுமலை ஜமீன் அரண்மனை எங்க ஊரில்தான் இருக்கு. அண்ணாமலை ரெட்டியார் சிந்து பாடியது அந்த ஜமீனின் ஆதரவில். போன பங்குனியில் பெரியப்பாவுக்குக் குரல் கம்மியது. சித்தரத்தை, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தாச்சு. இரண்டு மாசமாகியும் தெளியவில்லை. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த நோய்தான் எல்லார் மனசிலும்.

காது மூக்கு தொண்டை டாக்டர் கேமரா விட்டுப் பார்த்தார். "குரல் நாண்ல சின்ன நீர்க்கட்டி மாதிரி தெரியுது. சாதாரணக் கட்டிதான். எடுத்து லேபுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்குவோம்" என்றார். ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் குறிப்பு.

ரெட்டியார் காலத்துக்குக் கொஞ்சம் முன்புவரை, உயிரோடு இருப்பவரின் குரல் நாணைச் சரியாகப் பார்க்க வழி கிடையாது. லண்டனில் பேபிங்டன் என்ற மருத்துவர் 1829இல் கண்ணாடி வைத்து முயன்றார், அது பரவவில்லை. சாதித்தது டாக்டரே இல்லை, மானுவல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார். குரல் எப்படிப் பிறக்குது என்று பார்க்க ஆசை அவருக்கு. 1854இல் பாரிஸில் பல் வைத்தியர் கண்ணாடி ஒன்றை வாங்கி, சுடுதண்ணீரில் சூடாக்கி, தன் தொண்டையிலேயே வைத்தார். கையில் இருந்த இன்னொரு கண்ணாடியால் வெயிலை அதன்மேல் திருப்பினார். குரல் நாண் திறந்து மூடுவது தெரிந்தது! அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் இதைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. வெயிலை நம்பியிருந்த அந்த வித்தையை, விளக்கு வெளிச்சத்தில் செய்யும் மருத்துவ முறையாக மாற்றியவர் செர்மாக். கார்சியா நூறு வயசு தாண்டி வாழ்ந்து 1906இல்தான் இறந்தார்.

சரி, கட்டி எப்படி வருது? குரல்வளையின் உள்பூச்சில் சளி சுரக்கும் குட்டிச் சுரப்பிகள் ஏராளம். அழற்சியாலோ உறுத்தலாலோ ஒன்றின் வாய் அடைபட்டாலும் அது சுரப்பதை நிறுத்தாது. வெளியே போக வழியில்லாமல் சளி உள்ளேயே தேங்கி உப்பும். (எங்க தொழிலில் 'க்யூ' நிரம்புவது மாதிரி.) இன்னொரு வகையில் மேல்தோல் செல்கள் உள்ளே புதைந்து, அவை உதிர்ப்பது மாவு மாதிரி சேரும். பிறவியிலும் வரலாம், கத்திப் புண்ணான நாண் ஆறும்போதும் வரலாம்.

நாணுக்குச் சற்று மேலே ஒரு சிறு பையும் உண்டு. அதன் வாய் அடைத்துச் சளி சேர்ந்தால் கட்டி. காற்று புகுந்து உப்பினால் லாரிங்கோசீல். நெப்போலியனின் அறுவை மருத்துவர் லாரே, எகிப்தில் மினார் ஏறி உரக்க ஓதியவர்களின் கழுத்தில் இந்தக் காற்று வீக்கத்தைக் கண்டு எழுதினார். அதுவும் 1829லேயே. லாரிங்கோசீல் என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியர் விர்ச்சோ, 1867இல்.

அதே விர்ச்சோவிடம்தான் 1887இல் ஜெர்மனி இளவரசர் ஃபிரெடரிக்கின் குரல்வளையில் இருந்து நறுக்கிய துணுக்கு வந்தது. அதில் புற்று இல்லை என்றார். ஆனால் நோய் புற்றுநோய்தான். மறுவருஷம் பட்டமேறிய ஃபிரெடரிக் 99 நாளில் இறந்தார். துணுக்கில் இல்லை என்பதற்காகத் தொண்டையிலும் இல்லை என்றாகாது. இதைப் படித்த ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

பெரியப்பாவின் கட்டியை முழுசாகவே எடுத்தார்கள். லேப் முடிவு நேற்று வந்தது: வெறும் சளிக் கட்டி. ஒரு வாரம் பேசக்கூடாது என்பதால் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: "கழுகுமலைக்கு எப்ப போறோம்?"