கண்ணுள் வினைஞர்: தஞ்சைப் பெரிய கோயில் ஓவியரின் கலைத்தவம்

சிவாலயத் திருப்பணி என்பது பலர் கூடி இழுக்கும் தேர் போன்றது. பொன் ஈந்தோரும், கல் சுமந்தோரும், உளி பிடித்தோரும், கணக்கு எழுதினோரும் அதன் வடத்தில் கை வைத்தவரே. அவருள் எவர் பெயரும் மறைந்து போகலாகாது எனக் கருதிய பேரரசன் முதலாம் இராசராச சோழன். தான் கொடுத்தவற்றையும், தமக்கையார் குந்தவையார் கொடுத்தவற்றையும், தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் ஒருங்கே கல்லில் வெட்டுமாறு அவன் ஆணையிட்டான். அதனால் தஞ்சை இராசராசேச்சரத்துச் சுவர்கள் ஒரு பெரும் பெயரேடாக விளங்குகின்றன. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்களும், அவர்கள் வந்த ஊர்களும், குடியிருந்த மனைகளும் அங்கு உள்ளன. வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் உண்டு. திருப்பதியம் விண்ணப்பம் செய்ய அமர்த்தப் பெற்ற பிடாரர் 48 பேரும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசித்த இருவரும் உளர்.

இத்துணைப் பெயர்கள் நிரம்பிய அக்கோயிலில், கருவறையைச் சூழ்ந்த உட்சுற்றின் சுவர்களில் இறைவன் திருவிளையாடல்களை வண்ணத்தில் எழுதிய ஓவியர் இன்னார் எனக் கூறும் சாசனம் ஒன்றும் இல்லை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், அரசனாயிருந்தும், 'சித்திரகாரப்புலி' என்னும் பெயரைப் பெருமையுடன் புனைந்து கொண்டான். தஞ்சை ஓவியரோ புலியாயிருந்தும் பெயரின்றி மறைந்தனர். அவர்தம் வாழ்வை இன்று அறிவதற்கு அவர் தீட்டிய சுவரே ஏடு. அவ்வேட்டைப் படித்தால், அவர் எவ்வாறு உழைத்தார், எதனைக் கண்டு எழுதினார், எதனைக் கேட்டு உருகினார் என்பன புலனாகும்.

பட்டறையான திருச்சுற்று

பழந்தமிழர் ஓவியரைக் 'கண்ணுள் வினைஞர்' என்றனர். காண்பார் கண்ணுள் தம் வினையை நிலைபெறச் செய்பவர் என்பது அச்சொல்லின் கருத்து. தஞ்சை ஓவியருக்கு அவ்வினை எளிதாக வாய்க்கவில்லை. ஓவியருக்கு இன்றியமையாதவை இரண்டு. ஒன்று ஒளி, மற்றொன்று, எழுதியதைப் பின்னே நின்று முழுதும் நோக்குதற்குரிய இடம். அவருக்குக் கிடைத்ததோ இரண்டு சுவர்களுக்கிடையே அமைந்த குறுகிய, இருள் செறிந்த திருச்சுற்று. சுவரோ உயர்ந்தது, பின்வாங்க இடமில்லை. எனவே பகலொளி புகாத பகுதிகளில் விளக்கொளியிலேயே அவர் பணி நடந்திருத்தல் வேண்டும். தாம் எழுதிய பேருருவங்களைத் தாமே ஒரே நோக்கில் முழுமையாகக் காணும் வாய்ப்பு அவருக்கு அரிதே. இருந்தும் உருவங்களின் அளவு பிறழவில்லை, அங்கங்கள் கோணவில்லை. முழுமை அவர் கண்ணுக்கு முன்னே இல்லை, நெஞ்சினுள்ளே இருந்தது. தியானத்தில் உருவத்தை முற்ற அமைத்துக்கொண்ட பின்னரே கை எழுந்தது என்பது இதனாற் பெறப்படும்.

அவர் கையாண்ட முறையும் பொறுமையையும் விரைவையும் ஒருங்கே வேண்டுவது. கருங்கற்சுவரின் மேல் முதலில் பருஞ்சுண்ணக் காரை பூசப்பெறும். அதன் மேல் மெல்லிய நுண்சுண்ணப் பூச்சு அமையும். அப்பூச்சு ஈரமாயிருக்கும்போதே வண்ணம் ஏற்றப்பெறும். சுண்ணம் உலர உலரக் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகின்றது. இறுகும்போது வண்ணத்தையும் தன்னுள் பற்றிக்கொள்கின்றது. வேறு பசை வேண்டுவதில்லை. சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் இவ்வோவியங்களை ஆய்ந்து, சோழர் ஓவியம் இவ்வாறு ஈரச்சுதையில் எழுதப்பெற்றது எனக் காட்டினார்.

இம்முறையில் அழித்து எழுதுதல் இயலாது. ஈரம் காயும் வரையிலேதான் ஓவியருக்குக் காலம். ஒரு நாளைக்கு எவ்வளவு எழுத முடியுமோ அவ்வளவுக்கே பூச்சு இடல் வேண்டும். கோடு ஒருமுறை தவறினால் அப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டியதே. ஆகவே துகிலிகையைத் தொடுவதற்கு முன்பே ஓவியர் ஐயம் முற்றும் நீங்கியிருத்தல் வேண்டும். அவர் கைக்கொண்ட வண்ணங்களும் பெரும்பாலும் மண் தந்தவையே: மஞ்சட்காவி, செங்காவி, பச்சை மண், சுண்ண வெண்மை, கரியின் கருமை. எளிய இம்மண்ணைக் கொண்டே அவர் கயிலையைக் கண்முன் நிறுத்தினார். ஓவிய நூல் வல்ல ஆசிரியர்கள் வண்ணத்தினும் கோட்டையே மேலாகப் போற்றுவர். தஞ்சைச் சுவரில் ஒரு விரலின் மடிப்பையும், ஓர் இமையின் தாழ்வையும் ஒற்றைக் கோடு உணர்த்தி நிற்றலைக் காண்போர் அதன் உண்மையை உணர்வர்.

ஆடலும் பாடலும் தந்த ஊற்று

வடமொழியில் ஓவிய இலக்கணம் கூறும் நூல்களுள் விஷ்ணு தருமோத்தரம் முதன்மையானது. அதில் வச்சிரன் என்னும் அரசன், உருவம் அமைக்கும் கலையைத் தனக்குக் கற்பிக்குமாறு மார்க்கண்டேய முனிவரை வேண்டுகின்றான். ஓவியம் அறியாதவன் சிற்பம் அறியான். ஆடல் அறியாதவன் ஓவியம் அறியான். இசை அறியாதவன் ஆடல் அறியான் என முனிவர் படிப்படியாக விளக்குகின்றார். இவ்விலக்கணத்திற்குத் தஞ்சையினும் சிறந்த இலக்கியம் காண்டல் அரிது. கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரிகளில் ஆடல் வல்ல மகளிர் 400 பேர் வாழ்ந்தனர். ஓவியம் எழுதிய சுற்றுக்கு நேர் மேலே உள்ள சுற்றில், ஆடற்கரணங்கள் 108-இல் 81 கல்லிற் செதுக்கப்பெற்றுள்ளன. எஞ்சிய 27-க்கும் உரிய கற்கள் செதுக்காமலே நிற்கின்றன. கீழே ஓவியர் எழுதிய தேவமகளிரின் வளைந்த மேனியும், வீசிய கையும், தூக்கிய அடியும் நூலிற் படித்து மட்டும் எழுதியவை ஆகா. ஆடலைக் கண்ணாரக் கண்ட கை அது என்பது வெளிப்படை.

இனி, பாடல் தந்த ஊற்றே அவர் கலையின் உயிர் எனலாம். மேற்குச் சுவரிலே நம்பியாரூரர் வரலாறு எழுதப்பெற்றுள்ளது. திருவெண்ணெய்நல்லூர் அவையிலே முதிய வேதியர் ஒருவர் நிற்கின்றார். ஒரு கையில் குடை, மறுகையில் ஆளோலை. அவையிலுள்ள அந்தணர் வியந்து நோக்குகின்றனர். ஆரூரரோ திகைத்து நிற்கின்றார். ஓலை காட்டி வழக்காடுபவர் யார் என்பதை அவையோர் அறியார். ஓவியத்தைக் காணும் அடியவர் அறிவர். அவ்வேறுபாட்டையே ஓவியர் தம் கலைக்கு நிலைக்களமாகக் கொண்டார். அருகே மணவினைக்குரிய சமையற் காட்சியும் உண்டு. இறைவன் அடியவரைத் தடுத்தாட்கொண்டது அடுப்புப் புகையும் விருந்தின் ஆரவாரமும் நிறைந்த ஓர் இல்லறப் பொழுதில் என்பதை ஓவியர் மறக்கவில்லை.

மேலே செல்லச் செல்ல வரலாறு நிறைவெய்துகின்றது. வெள்ளையானை மீது சுந்தரர் கயிலைக்கு எழுந்தருளுகின்றார். சேரமான் பெருமாள் குதிரை மீது விரைந்து முற்படுகின்றார். தோழர் வருகின்றாரா எனத் திரும்பி நோக்குகின்றார். நட்பின் ஆழத்தை அத்திரும்பிய முகம் ஒன்றே கூறிவிடுகின்றது. எல்லாவற்றிற்கும் மேலாகக் கயிலையில் புலித்தோலின் மேல் பெருமான் வீற்றிருக்க, தேவமகளிர் ஆடுகின்றனர்.

இங்கே அன்பர்கள் ஒன்றைக் கருதுதல் வேண்டும். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணம் அருளியது இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். அவன் ஆட்சி 1133 முதல் 1150 வரை. இராசராசன் தன் கோயில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தது 1010-இல். ஆகவே, அறிஞர் கொள்வது போல இவ்வோவியங்கள் இராசராசன் காலத்தனவாயின், பெரிய புராணம் தோன்றுதற்கு நூறாண்டுக்கும் முன்பே அதன் காப்பிய நாயகர் வரலாற்றைச் சுவரிலே பாடி முடித்தவர் இவ்வோவியர். அவர் எந்நூலை நோக்கி எழுதினார்? சுந்தரரின் தேவாரப் பதிகங்கள் இருந்தன. தம்மை வெண்ணெய்நல்லூரில் ஆட்கொண்ட கருணையையும், கயிலை செல்ல யானை அருளிய பெருமையையும் சுந்தரர் தாமே பாடியுள்ளார். அப்பதிகங்களை 48 பிடாரர் அக்கோயிலில் விண்ணப்பம் செய்து வந்தனர். கோயிலின் காரியம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் என்பார் நம்பியாரூரர், பரவை நங்கையார் முதலியோர் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்தார். ஊரெங்கும் அடியார் வரலாறு நாவிலும் செவியிலும் உலவிய காலம் அது. செவி வழிப் புகுந்த அன்பு ஓவியரின் கை வழியே வெளிப்பட்டது.

வடக்குப் புறத்தில் முப்புரம் எரித்த கோலம் எழுதப்பெற்றுள்ளது. நான்முகன் தேர் செலுத்த, பெருமான் வில்லேந்தி நிற்கின்றார். கணபதி மூடிகத்தின் மேலும், முருகன் மயிலின் மேலும், காளி சிங்கத்தின் மேலும் உடன் வருகின்றனர். எதிரே அசுரர் கூட்டம் கொதிக்கின்றது. அவர்தம் மகளிர் அஞ்சித் தம் கணவரைப் பற்றிக்கொள்கின்றனர். பகைவர் பக்கத்தும் இரங்கத்தக்க மனைவியர் உளர் எனக் கண்ட ஓவியரின் நெஞ்சம் எத்துணை ஈரமுடையது! விமானத்தின் இரண்டாம் தளத்துக் கோட்டங்களிலும் இத்திரிபுராந்தகத் திருக்கோலமே திரும்பத் திரும்ப அமைந்துள்ளது. வெற்றி வேந்தனாகிய இராசராசனுக்கு உவந்த கோலம் இது போலும். மற்றோரிடத்தில் தில்லைப் பொன்னம்பலத்து ஆடவல்லானை அரசனும் தேவியரும் வணங்கி நிற்கின்றனர். அங்கும் பெரிதாக விளங்குபவர் கூத்தப்பெருமானே. அரசன் அடியவருள் ஒருவனாகவே நிற்கின்றான்.

மறைவும் வெளிப்பாடும்

காலம் சென்றது. நாயக்கர் ஆட்சியில் அச்சுவர்களின் மேல் புதிய பூச்சு இடப்பெற்றுப் புதிய ஓவியங்கள் எழுதப்பெற்றன. அவர்களும் பக்தியினாலேயே அதனைச் செய்தனர். ஆயினும் சோழ ஓவியர் தம் உழைப்பு முழுவதும் அதனடியில் உறங்கலாயிற்று. 1931-ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்றாசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி அவ்விருட்சுற்றினுள் புகுந்தார். மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் வேறோர் உலகம் எட்டிப் பார்ப்பதைக் கண்டார். அதே ஆண்டில் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலிலும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ராய் பல்லவர் கால ஓவியத்தின் எச்சங்களைக் கண்டறிந்தார். ஆனால் அங்கு எஞ்சியவை துண்டுகளே. தஞ்சையில் பின்னர்த் தொல்லியல் துறையினர், மேலுள்ள நாயக்கர் ஓவியத்தைச் சிதையாமல் பெயர்த்தெடுத்து வேறு பலகைகளில் பொருத்தி, கீழுள்ள சோழர் ஓவியத்தையும் வெளிப்படுத்தினர். முன்னோர் இருவர் செல்வமும் காக்கப்பெற்றது.

இவ்வரலாறு திருப்பணி அன்பர்க்கு ஓர் அறிவுரையாகும். குடமுழுக்கு நெருங்குங்கால் கோயில் புதுப்பொலிவு பெற வேண்டும் என்னும் ஆர்வம் இயல்பே. ஆனால் பழைய சுவரின் மேல் ஒரு கை சுண்ணாம்பு அடிப்பதற்கும், புது வண்ணம் பூசுவதற்கும், மணலை வீசித் தேய்ப்பதற்கும் முன்னர் ஒருகணம் நின்று நோக்குதல் வேண்டும். அங்கே மங்கிய செங்காவிக் கோடு ஒன்று தெரிகின்றதா, பூச்சின் அடியில் வண்ணம் ஒன்று உளதா எனத் துறை வல்லாரைக் கொண்டு ஆராய்தல் வேண்டும். மேற்றளத்திலிருந்து மழைநீர் கசிவதைத் தடுத்தலும், ஓவியத்தின் அருகே விளக்குப் புகை படியாமற் காத்தலும் புதுச் சுவர் எழுப்புவதற்குக் குறைந்த அறம் ஆகா. புதியது செய்வோர்க்குக் கல்வெட்டிற் பெயர் கிடைக்கும். பழையதைக் காத்தவர்க்குப் பெயர் கிடையாமற் போகலாம். ஆயினும் அவர் சேர்கின்ற வரிசை எது? பெயரை நாடாது, இருளில் நின்று, தம் கண்ணாலும் முழுதும் காண இயலாத பேரழகை இறைவன் ஒருவன் காண்பான் என்னும் துணிவில் எழுதிச் சென்ற அக்கண்ணுள் வினைஞரின் வரிசை அன்றோ!

அவர் பெயரைக் கல் அறியாது. கருவறையுள் வீற்றிருக்கும் பெருவுடையார் அறிவார். அவ்வறிவே போதும் என அமைந்த தொண்டு நெஞ்சம் திருப்பணி செய்யும் அன்பர் அனைவர்க்கும் வாய்ப்பதாக!

திருச்சிற்றம்பலம்.