பட்டிப்பொல மலைவழிகள்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் ஏட்டையும் கல்வெட்டையும் நாடுதல் இயல்பு. ஆயின், எழுத்தறியும் வாய்ப்புப் பெறாத மக்கள் தம் உழைப்பினால் ஆக்கிய வரலாற்றுக்கு ஏடுகள் போதிய சான்று தருவதில்லை. அத்தகையோர் வெட்டிய வழிகளும் அடுக்கிய கற்கட்டுக்களுமே அவர்தம் சாசனங்களாக எஞ்சியுள்ளன. இலங்கையின் மத்திய மலைநாட்டிலே பட்டிப்பொலவைச் சூழ்ந்து செல்லும் நடைவழிகளை இந்நோக்கோடு ஆராய்தல் பயனுடைத்து.

பட்டிப்பொல, நுவரெலியா மாவட்டத்துச் சிற்றூர்களுள் ஒன்று. கடல் மட்டத்துக்கு மேல் 1,890 மீற்றருக்கு அதிகமான உயரத்தில் அமைந்த அதன் புகையிரத நிலையம், இலங்கையின் நிலையங்கள் யாவற்றினும் உயர்ந்தது. அதற்கும் ஒகியாவுக்கும் இடையே இருப்புப்பாதை தன் உச்சியை எய்தி, ஒரு சுரங்கத்தினூடாக ஊவா மாகாணத்துட் புகுகின்றது. ஊருக்கு அண்மையில், 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், ஹோட்டன் சமவெளி விரிந்து கிடக்கின்றது. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று பெருநதிகளின் கிளையாறுகளும் இவ்வுயர்நிலத்தில் ஊற்றெடுக்கின்றன. பெலிகுல் ஓயா தெற்கே இறங்கி வளவை கங்கையைச் சேரும். ஆக்ரா ஓயா அக்கரப்பத்தனைப் பக்கமாக இறங்கி, அதன் நீர் மகாவலியைச் சேரும். இவ்வாறுகள் அறுத்த பள்ளத்தாக்குக்களே மலையேறுவோர்க்கு முதல் வழிகாட்டிகளாயின.

இச்சமவெளியை ஆங்கிலேயரே கண்டறிந்தனர் எனக் கூறுவாருளர். 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டன் என்பாரின் பெயரையே அது தாங்கி நிற்கின்றது. ஆயினும் சிங்கள மக்கள் அதனை முன்னரே 'மகா எலிய' என வழங்கினர். பெருவெளி என்பது அதன் பொருள். ஓரிடத்துக்குப் பெயரிட்ட மக்கள் அவ்விடத்தை அறியாதிருந்தனர் என்றல் பொருந்தாது. மேலும், அங்குள்ள சதுப்பு நிலப் படிவுகளிற் கலந்திருந்த மகரந்தத்தை ஆராய்ந்த அறிஞர், பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே மனிதர் அங்கு நடமாடியமைக்கு அறிகுறிகள் கண்டுள்ளனர். 1840களின் இறுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், இம்மலைக் காடுகளில் யானையையும் மரையையும் வேட்டையாடித் தம் அனுபவங்களை நூல்களாக்கினார். பெலிகுல் ஓயாவின் அருவியொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. யானைகளோ அச்சமவெளியை விட்டு மறைந்துவிட்டன. தேசாதிபதிக்கும் வேட்டைக்காரருக்கும் நிலப்படத்தில் இடமுண்டு. வழியமைத்த கூலியாளுக்கு அங்கு இடமில்லை.

அக்கூலியாளர் யாவர்? 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைப்பட்டபின், 1820களிலே தோட்ட முறையிற் கோப்பிச் செய்கை தொடங்கிற்று. அது பெருகவே, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலி, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து ஏழை மக்கள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். தோணியேறி மன்னார்க் கரையை அடைந்தோர், மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை காட்டினூடே கால்நடையாகச் சென்றனர். பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் எண்ணற்றோரை இடைவழியிலே மாய்த்தன. எஞ்சியோர் மேலும் மலையேறித் தோட்டங்களை அடைந்தனர். மலையகத் தமிழரின் வரலாறு இவ்வாறு ஒரு நெடிய நடையிலேயே தொடங்குகின்றது.

தோட்டத்தை அடைந்தவர்க்குக் காடழித்தலும் வழி வெட்டுதலும் முதற் பணிகளாயின. செங்குத்தான சரிவில் நேரே ஏறும் வழி, ஒரு பெருமழையிலேயே ஓடையாகிவிடும். ஆதலின் மலையைச் சுற்றிச் சுற்றிச் சாய்வு குறைத்து வெட்டினர். மேற்புறத்திற் கான் அகழ்ந்து வெள்ளத்தைத் திருப்பினர். கீழ்ப்புறத்தைக் கற்கட்டினால் தாங்கினர். லயத்தையும் பிரட்டுக் களத்தையும், கொழுந்து நிறுக்கும் மடுவத்தையும் தொழிற்சாலையையும், மாரியம்மன் கோயிலையும் இணைத்தவை இவ்வழிகளே. கூடை சுமந்த பெண்களின் கால்கள் நாள்தோறும் இவற்றைத் தேய்த்து உறுதியாக்கின.

1869இல் தோன்றிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலை மேலும் மேலும் மலையேறியபொழுதும் முழுக்காடும் அதற்கு இரையாகவில்லை. 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுதல் வேண்டும் எனத் தாவரவியலறிஞர் சேர் யோசெப் ஹூக்கர் 1873இல் வழங்கிய ஆலோசனையே, இச்சமவெளிக் காடு நிலைத்தமைக்கு ஒரு காரணமென்பர். இருப்புப்பாதையோ 1885இல் நானுஓயாவையும், பட்டிப்பொலவைக் கடந்து 1893இல் அப்புத்தளையையும் அடைந்தது.

கால்நடையாக வந்தோரின் வழித்தோன்றல்களிற் பலர் பின்னர் அப்பாதையிலேயே புகையிரதமேறித் திரும்ப நேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் ஏற்பட்ட சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவும், 3,00,000 பேர் இலங்கைக் குடியுரிமை பெறவும் வகை செய்தது. பிறந்து வளர்ந்த மலையை விட்டு, தலைமன்னார்த் துறைமுகம் நோக்கி அழுதுகொண்டே குடும்பங்கள் புறப்பட்டன. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறிற்று.

இதற்கிடையில் மலைவழிகள் புதியதொரு பயனைப் பெற்றன. ஹோட்டன் சமவெளி 1969இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 1988இல் தேசிய பூங்காவாகவும் ஆக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. பட்டிப்பொல வாயிலருகே தொட்டுப்பொல மலைக்கு ஏறும் வழி தொடங்குகின்றது. கண்டியின் ஹந்தானையில் தொடங்கி அட்டன், அப்புத்தளை, எல்ல முதலிய பகுதிகளினூடே நுவரெலியாவில் முடியும் பீக்கோ நடைவழி, 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமும் 22 பகுதிகளும் கொண்டது. பெரும்பாலும் பழைய தோட்ட வழிகளை இணைத்தே அது அமைக்கப்பட்டது. உல்லாசமாக நடப்போரின் வருகையால் மலையகத்தார்க்கு வருவாய் கிட்டுமாயின் நன்றே. எனினும் வழிகாட்டிப் பலகையில் அடுத்த ஊரின் தூரம் இருத்தல் மட்டும் போதாது. வழியை வெட்டியவர் யாரென்பதும் அதிற் பொறிக்கப்படல் வேண்டும்.

இவ்வுண்மையை மலையக மக்கள் தம் கால்களாலேயே உணர்த்தியுள்ளனர். மலையகம் இருநூறு ஆண்டு நிறைவை நினைவுகூர்ந்த 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் சென்ற திசையிலே ஒரு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டது. ஜூலை இறுதியில் தொடங்கிய அது ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையில் நிறைவெய்தியது. நிலம், வீடு, நியாயமான ஊதியம், சமத்துவமான குடியுரிமை ஆகியவை அதிற் பங்குபற்றினோரின் கோரிக்கைகளாயிருந்தன. அவர்களோடு தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் உடன் நடந்தனர்.

ஹோட்டன் சமவெளியின் தென்விளிம்பில், நிலம் 800 மீற்றருக்கு மேல் செங்குத்தாக வீழும் இடத்தை 'உலக முடிவு' என அழைப்பர். முகில் விலகும் காலைவேளையில் அங்கு நின்று கீழே நோக்குவோர்க்குத் தேயிலைத் தோட்டமொன்று புலப்படும். உலகம் முடிவதாகச் சொல்லப்படும் அவ்விடத்தின் அடியிலும் மக்கள் வாழ்கின்றனர், உழைக்கின்றனர். மலைக்காட்சி காணச் செல்லும் மாணவர் அத்தோட்டத்தையும் நின்று நோக்குவாராக. கால் வைத்து ஏறிய வழி எவர் கையால் ஆயது என்று உசாவுவாராக. அவ்வினாவுக்கு விடை தேடி மலையகத்து முதியோரின் வாய்மொழிகளைத் தொகுத்தல், கற்றோர் இன்னும் முற்றாகச் செலுத்தாத கடனாகும்.