காரைக்காலும் இந்தோசீனப் போரும்

கீழவாஞ்சூர் காரைக்கால் பகுதியின் தென்கோடியில் கடலை ஒட்டியுள்ள சிற்றூர். அதைக் கடந்தால் நாகூர். இன்று இவ்வூர்க் கடற்கரையில் ஒரு பெருந்துறைமுகம் இயங்குகிறது. கனரக வண்டிகள் எல்லையைக் கடந்து போய் வருகின்றன. ஆனால் 1947 ஆகஸ்டு 15-க்குப் பின்னர் ஏழு ஆண்டுகள் இந்த எல்லை இரு நாடுகளின் எல்லையாகவே நின்றது. இரு பக்கமும் பறந்தவை மூவர்ணக் கொடிகளே. ஒன்று இந்தியாவினது, மற்றொன்று பிரான்சினது.

இங்கிலாந்து ஒரு பெருங்கண்டத்தையே விட்டு வெளியேறிய பின்பும், பிரான்சு ஏன் காரைக்காலை விடாமல் பற்றிக்கொண்டிருந்தது? 1739-இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பெற்ற இச்சிறு நிலத்தால் அந்நாட்டுக்குப் பெரும் பொருள் வருவாய் ஏதுமில்லை. மக்களின் விருப்பத்தைக் கேட்டு முடிவு செய்வது என்று 1948-லேயே இந்தியாவும் பிரான்சும் உடன்பட்டன. 1949-இல் சந்திரநாகூர் மக்கள் வாக்களித்து இந்தியாவுடன் இணைந்தனர். அதன் பின்னும் புதுச்சேரியும் காரைக்காலும் மாகேயும் ஏனாமும் காத்திருந்தன. இந்தக் காத்திருப்பின் காரணத்தை அறிய வேண்டுமாயின் நாம் கடலுக்கு அப்பால், சைகோனை நோக்க வேண்டும். அங்கே நடந்த போரில் வெல்லவும் இயலாமல் விலகவும் இயலாமல் பிரான்சு சிக்கிக் கிடந்தது.

சைகோன் நம் கரையோர மக்களுக்கு அயலூர் அன்று. 1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை ஒன்றின்படி, தம் சமூக வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின் கீழ் வர விரும்பியோர் அவ்வாறே பதிவு செய்துகொண்டு புதிய குடும்பப் பெயரும் ஏற்றனர். அவர்களுள் கிறிஸ்தவர் பலர். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிய இவர்கள் இந்தோசீனாவில் காவல்துறையிலும் சுங்கத்திலும் வரி அலுவலகங்களிலும் படையிலும் பணியாற்றினர். நகரத்தார் வட்டிக்கடை நடத்தினர். காரைக்கால் முஸ்லிம் வணிகர்கள் துணிக்கடை வைத்தனர். சைகோனின் மாரியம்மன் கோயிலும், 1935-இல் தென்னிந்திய முஸ்லிம்கள் எழுப்பிய பள்ளிவாசலும் இன்றும் அதற்குச் சான்றுகளாக நிற்கின்றன. வியட்நாமிய விவசாயியின் கண்ணுக்கு நம் மக்களும் ஆளும் இனத்தின் ஓர் அங்கமாகவே தெரிந்தனர் என்பதை நாம் மறைக்கலாகாது. ஆகவே இந்தப் போரின் வரலாற்றில் நமக்கும் பங்குண்டு.

போர் எவ்வாறு தொடங்கியது? 1940-இல் ஜெர்மனியிடம் ஆறே வாரங்களில் வீழ்ந்த பிரான்சு, அந்த அவமானத்தை மறக்க விரும்பியது. பேரரசை மீட்டால் பெருமையும் மீளும் என்று அதன் தலைவர்கள் கருதினர். இந்தோசீனாவிலோ ஜப்பானியர் ஆதிக்கம் செலுத்தி, 1945 மார்ச்சு 9 அன்று பிரெஞ்சு நிர்வாகத்தையே கவிழ்த்தனர். அதே ஆண்டு வடபகுதியில் பெரும் பஞ்சம் வந்து இலட்சக்கணக்கானோர் மாண்டனர். தம்மைக் காக்க இயலாத ஆட்சியை மக்கள் மனத்தால் துறந்துவிட்டனர். செப்டம்பர் 2 அன்று ஹானோயில் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். அமெரிக்க விடுதலைச் சாசனத்தையும் பிரெஞ்சுப் புரட்சியின் மனித உரிமைச் சாசனத்தையும் எடுத்துக்காட்டியே அவர் பேசினார். பிரான்சு உலகுக்குக் கற்பித்த பாடத்தை ஒரு மாணவர் ஒப்புவித்தார். ஆசிரியருக்கோ அது பிடிக்கவில்லை.

ஜப்பானியரின் ஆயுதங்களைக் களையத் தென்பகுதிக்கு வந்த பிரிட்டிஷ் படை, உண்மையில் இருபதாவது இந்திய டிவிஷன் ஆகும். அதன் தளபதி கிரேசி சிறையிலிருந்த பிரெஞ்சு வீரர்களை விடுவித்து ஆயுதம் அளித்தார். அவர்கள் செப்டம்பர் 23 அன்று சைகோனைக் கைப்பற்றினர். விடுதலைக்குப் போராடும் நாட்டின் பிள்ளைகளைக் கொண்டு இன்னொரு நாட்டின் விடுதலையை அடக்குவதா என்று நேரு கண்டித்தார்.

ஆயினும் சமாதானத்துக்கு வழி இருந்தது. 1946 மார்ச்சு 6 அன்று செய்த உடன்படிக்கையில், பிரெஞ்சு ஒன்றியத்துக்குள் வியட்நாம் ஒரு சுதந்திர அரசு என்று பிரான்சு ஏற்றது. பிரெஞ்சுப் படைகள் ஐந்தாண்டுகளில் படிப்படியாக வெளியேறும் என்றும் முடிவாயிற்று. இதைக் குலைத்தவர் யார் என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் அறிந்திருப்பது நலம். பிரான்சின் உயர் ஆணையர் அட்மிரல் தார்ஜான்லியூ, கார்மேல் சபைத் துறவி. அச்சபையின் மாநிலத் தலைவராகவும் இருந்தவர். நாட்டுப்பற்றில் யாருக்கும் குறையாத அவர், ஜூன் 1 அன்று பாரிசு அரசின் முடிவுக்குக் காத்திராமல் தென்பகுதியைத் தனிக் குடியரசாக அறிவித்தார். பேச்சுவார்த்தை முறிந்தது. நவம்பரில் ஹைபோங் துறைமுகத்தில் சுங்கம் வசூலிப்பது யார் என்ற சிறு தகராறு மோதலாயிற்று. 23-ஆம் நாள் பிரெஞ்சுக் கப்பல்கள் நகரின்மீது குண்டு பொழிந்தன. மக்கள் ஆயிரக்கணக்கில் இறந்தனர். டிசம்பர் 19 அன்று ஹானோயில் முழுப் போர் மூண்டது. மறு ஆண்டில் அட்மிரல் திருப்பி அழைக்கப்பட்டுத் தம் மடத்துக்குத் திரும்பினார். போர் அவரோடு திரும்பவில்லை.

எட்டாண்டுப் போர் ஒன்றை நடத்துவது என்று பாரிசில் எந்த அமைச்சரவையும் ஒரு நாளும் தீர்மானித்ததில்லை. இதுவே நாம் உன்னிப்பாகக் காண வேண்டியது. தொலைவிலுள்ள அதிகாரி ஓரடி வைக்கிறார். தலைநகரம் அதைக் கண்டிக்கத் துணிவின்றி ஏற்றுக்கொள்கிறது. அடுத்த அடி அதன் விளைவாகிறது. 1946 முடிவிலிருந்து 1954 வரை பிரான்சில் பதினைந்து அமைச்சரவைகள் மாறின. எந்தப் பிரதமரும் தாமே தோல்வியை ஒப்புக்கொண்டவராக இருக்க விரும்பவில்லை. கிறிஸ்தவ சனநாயகக் கொள்கை கொண்ட கட்சியினரே இந்தோசீனா பற்றிய பொறுப்புகளில் பெரும்பாலும் அமர்ந்திருந்தனர் என்பதும் நமக்கு வருத்தம் தரும் உண்மை.

போரின் நோக்கமும் நடுவழியில் மாறியது. முதலில் அது பேரரசை மீட்கும் போர். 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டுகள் வென்றதும் கம்யூனிசத்தைத் தடுக்கும் போர் என்று பெயர் பெற்றது. சீனா ஹோ சி மின்னுக்குத் துணை நின்றது. அமெரிக்கா பிரான்சுக்குப் பொருளுதவி செய்தது. இறுதிக் கட்டத்தில் செலவில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அமெரிக்காவே ஏற்றது. பிறர் பணத்தில் நடக்கும் போரை நிறுத்துவது எளிதன்று.

சிந்தியதும் பெரும்பாலும் பிறர் இரத்தமே. கட்டாயப் படைச்சேவையில் இருந்த பிரெஞ்சு இளைஞர்களை இந்தோசீனாவுக்கு அனுப்பவில்லை. தொழில்முறை வீரர்களும், பல நாட்டவர் கொண்ட அந்நியப் படையினரும், மொராக்கோ, அல்ஜீரியா, செனெகல் நாட்டவரும், வியட்நாமியரும் போரிட்டனர். நம் ஊர்களில் ‘சொல்தா’ என்று அழைக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். பிரான்சின் சராசரிக் குடும்பத்துக்கு அது செய்தித்தாளின் உள்பக்கச் செய்தி. தம் வீட்டு வாசலுக்குச் சவப்பெட்டி வராதவரை மக்கள் ஒரு போரைச் சகித்துக்கொள்வர் என்பது கசப்பான உண்மை.

ஆயினும் நாடு பிளவுபட்டது. துறைமுகத் தொழிலாளர்கள் போர்த்தளவாடங்களைக் கப்பலில் ஏற்ற மறுத்தனர். ஆன்ரி மர்த்தேன் என்ற கடற்படை வீரர் போரைக் கண்டித்துத் துண்டறிக்கை வழங்கியதற்காக 1950-இல் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் விடுதலைக்காக அறிஞர் பலர் எழுதினர். ஒரு சாராருக்கு அவர் மனச்சான்றின் வீரர், மறுசாராருக்குத் துரோகி. போரில் உயிர் கொடுத்தவர்களைக் காட்டி, இவர்கள் வீணாக இறந்தனரா என்று கேட்டால் எவரும் வாய் திறக்க இயலவில்லை. தலைமைத் தளபதி தெ லாத்ர் தெ தசினியின் ஒரே மகன் 1951 மே மாதம் அங்கே களத்தில் இறந்தான். எட்டு மாதங்களில் தந்தையும் நோயால் மறைந்தார். அத்தகைய துயரத்தின் முன் கணக்குக் கேட்பவன் கல்நெஞ்சன் ஆகிவிடுகிறான். மாண்டவர்களுக்காக மேலும் பலர் மாள வேண்டியதாயிற்று.

இப்போது காரைக்காலுக்குத் திரும்புவோம். நம் ஊரை விட்டுக்கொடுத்தால் சைகோனை எந்த நியாயத்தால் வைத்துக்கொள்வது? சைகோனை விட்டால் மொராக்கோவும் துனீசியாவும் அல்ஜீரியாவும் என்னாகும்? இந்த அச்சமே பாரிசின் கையைக் கட்டியது. மாலையில் ஒரு முத்து கழன்றால் அத்தனையும் உதிரும் என்று அஞ்சியவர்கள், நூலையே இறுகப் பிடித்துக்கொண்டிருந்தனர். ஒரு சிறு நிலத்துக்கும் ஒரு பெரும் போருக்கும் இருந்த தொடர்பு இதுவே.

1954 மார்ச்சு 13 அன்று தியன் பியன் பூ பள்ளத்தாக்கில் வியட்நாமியத் தாக்குதல் தொடங்கியது. சுற்றிலும் இருந்த மலைகளுக்குப் பீரங்கிகளை ஏற்ற எதிரியால் இயலாது என்று பிரெஞ்சுத் தளபதிகள் நம்பியிருந்தனர். தோளாலும் கயிற்றாலும் அவற்றை இழுத்து ஏற்றினர் அம்மக்கள். மே 7 அன்று கோட்டை வீழ்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் திரும்பவில்லை. மறுநாள் ஜெனிவா மாநாட்டில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது.

ஜூன் மாதம் பிரதமரான மெந்தேஸ் பிரான்சு, ஜூலை 20-க்குள் உடன்பாடு காணாவிடில் பதவி விலகுவதாக நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். தலைவர்கள் பலருக்கும் இல்லாதிருந்த துணிவு அது. ஒப்பந்தம் உருவாயிற்று, அதன் நிறைவேற்றத்தைக் கண்காணிக்கும் குழுவுக்கு இந்தியா தலைமை ஏற்றது. நாடு இரண்டாகப் பிரிந்தது. வடக்கிலிருந்து எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே அகதிகளாகச் சென்றனர்; அவர்களுள் மிகப் பெரும்பான்மையினர் கத்தோலிக்கர். பங்கு பங்காகக் குருக்களோடு புறப்பட்ட அம்மக்களின் கண்ணீரையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும். போரைத் தொடங்கியவர் வேறு. அதன் விலையைச் செலுத்தியவர் வேறு.

சைகோன் முடிச்சு அவிழ்ந்ததும் காரைக்கால் முடிச்சும் அவிழ்ந்தது. அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. போரின்றிக் கொடி இறங்கியது, கொடி ஏறியது.

அந்த நவம்பர் 1 சகல புனிதர் திருநாள். அதே நாளில் அல்ஜீரியாவில் விடுதலைக் கிளர்ச்சியாளரின் முதல் துப்பாக்கிகள் வெடித்தன. காரைக்காலில் விவேகத்தோடு கையெழுத்திட்ட அதே அரசு, அதே மெந்தேஸ் பிரான்சு, அல்ஜீரியா பிரான்சின் பிரிக்க முடியாத பகுதி என்று அறிவித்தார். அங்கே ஐரோப்பியக் குடியேறிகள் பத்து இலட்சம் பேர் வாழ்ந்தனர் என்பது உண்மையே. ஆயினும் இந்தோசீனாவில் கற்ற பாடம் ஆறு மாதம்கூட நிலைக்கவில்லை. இம்முறை கட்டாயச் சேவை இளைஞர்களும் அனுப்பப்பட்டனர். படையினர் சித்திரவதையில் ஈடுபட்டனர். 1958-இல் குடியரசே கவிழ்ந்தது. 1962 மார்ச்சில்தான் சமாதானம் வந்தது. நம் ஊர்களை முறைப்படி இந்தியாவுக்கு அளித்த 1956-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தைப் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஏற்றதும் அதன் பிறகே. 1962 ஆகஸ்டு 16 அன்று அது நடைமுறைக்கு வந்தது. மீண்டும் ஒரு தொலைதூரப் போர் முடியும்வரை காரைக்கால் காத்திருந்தது.

வல்லரசுகள் ஒன்றன் அனுபவத்தை மற்றொன்று கேட்பதில்லை. 1966-இல் கம்போடியத் தலைநகரில் தெ கோல் அமெரிக்காவை எச்சரித்தார். கேட்பாரில்லை. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை வியட்நாமில் இறக்கிய அந்நாடு, 58,000 பேரை இழந்து, 1973-இல் படைகளை மீட்டுக்கொண்டது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது. நம் நாட்டுக்கும் ஒரு பாடம் உண்டு. கீழவாஞ்சூர்க் கரையைத் தொடும் இதே கடலுக்கு அப்பால், 1987 ஜூலையில் அமைதி காக்க இலங்கைக்குச் சென்ற இந்தியப் படை, மூன்றே மாதங்களில் தான் காக்கச் சென்ற தமிழரிடையே போரிட்டது. 1990 மார்ச்சு வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் வீரர்கள் இறந்தனர். ஈழத்துத் தமிழர் பலரும் இறந்தனர். திரும்பிவந்த படையை எவ்வாறு வரவேற்பது என்பதிலேயே தமிழகம் பிளவுபட்டது.

போருக்குப் புறப்படும் அரசன், பத்தாயிரம் பேருடன் இருபதாயிரம் பேரை எதிர்க்க இயலுமா என்று முதலில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பான் என்று ஆண்டவர் கூறிய உவமை லூக்கா நற்செய்தியில் உள்ளது. உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது புறப்படும் முன் மட்டும் செய்ய வேண்டியதன்று, நடுவழியிலும் செய்யத்தக்கது. அப்போதுதான் அது மிகக் கடினம். அப்போதுதான் அது மிகத் தேவை.

இறுதியாக ஒன்று. பிரான்சு துப்பாக்கியால் காக்க முயன்ற இடங்களில் அதற்கு மிஞ்சியவை கல்லறைகள். தானே விலகிய புதுச்சேரியிலும் காரைக்காலிலும் அதன் மொழி வாழ்கிறது; அதன் குடியுரிமையை விரும்பி வைத்துக்கொண்ட குடும்பங்கள் வாழ்கின்றன; முன்னாள் சொல்தாக்களின் வீடுகளுக்கு ஓய்வூதியம் வந்தது. எதை விட்டால் எல்லாம் போய்விடும் என்று அஞ்சினார்களோ, அதை விட்ட இடத்தில்தான் நட்பு எஞ்சியது.