கற்பிக்கச் சீனம் சென்றவர்கள்

சீனம் சென்றேனும் கல்வியைத் தேடுமாறு ஏவும் அறிவிப்பை நம் மேடைகளில் கேட்டிராதவர் இரார். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று ஹதீஸ் கலை வல்லுநர் பலர் கூறியுள்ளனர். இமாம் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அதனைப் புனையப்பட்டவற்றின் வரிசையிலேயே சேர்த்துள்ளார். அவ்விவாதம் ஒருபுறம் இருக்க, சீனத்துக்குக் கற்கச் செல்வோரைப் பற்றியே நாம் பேசி வந்திருக்கிறோம். அங்கே கற்பிக்கச் சென்றவர் எங்கே தங்கினார், என்ன உண்டார், எந்த மொழியில் வாய் திறந்தார், அவர் தந்த கல்வி அவருக்குப் பின் நிலைத்ததா என்னும் வினாக்களை நாம் எழுப்பியதில்லை.

இவ்வினாக்களை என் முன் வைத்தவர் என்னிடம் பயின்ற ஓர் இளைஞர். சீனத்தின் நகர் ஒன்றில் ஆசிரியப் பணி கிடைத்து, விடைபெற வந்திருந்தார். ஹலாலான உணவுக்கு என்ன வழி, தொழுகைக்கு எங்கே செல்வது, மொழி அறியாமல் கடைத்தெருவில் எப்படி நடமாடுவது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். நான் சீனம் கண்டவனல்லன். எனக்குத் தெரிந்த வழி வரலாறு ஒன்றே. அன்று அவரிடம் சொன்னவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வருபவர் இப்னு பதூதா (ரஹ்). ஹிஜ்ரி 746ஐ ஒட்டி, அதாவது கி.பி. 1345-46 அளவில், அவர் ஸைத்தூன் துறைமுகத்தில் இறங்கினார். இன்றைய சுவான்சோவ் நகரே அது. அவருடைய சீனப் பயணம் எதுவரை சென்றது என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அவர் தீட்டும் காட்சி தெளிவானது. நகர்தோறும் முஸ்லிம்களுக்குத் தனிக் குடியிருப்பும் பள்ளிவாசலும் இருந்தன. காழியும் ஷைகுல் இஸ்லாமும் இருந்தனர். இஸ்லாமிய நாட்டிலிருந்து ஒருவர் வந்துவிட்டார் என்றால் அங்குள்ளோர் பெருமகிழ்வு கொண்டு, தம் ஸகாத்தையும் அவருக்கே அளித்தனர். பயணிக்கு அதனினும் பாதுகாப்பான நாடு வேறில்லை என்றும் அவர் எழுதுகிறார்.

இத்தனை வசதி இருந்தும் அவர் மனம் அங்கே ஒட்டவில்லை. வெளியே சென்றால் காணச் சகியாதவை கண்ணில் படுகின்றன என்று வருந்தி, தேவைக்கன்றி வீட்டை விட்டு இறங்காதிருந்தார். டெல்லியிலும் மாலத்தீவிலும் காழியாக அமர்ந்து தீர்ப்பு வழங்கிய அறிஞர், சீனத்தில் கதவடைத்துக்கொண்டார்.

அதே நாட்டில் அவர் கண்ட மற்றொருவர் கிவாமுத்தீன் அல்புஷ்ரீ. மொராக்கோக் கரையிலுள்ள ஸப்தா நகரத்தவர். இப்னு பதூதாவின் தாய்மண்ணுக்கு அண்டை ஊரினர். மீசை அரும்பாப் பருவத்தில் டெல்லிக்கு வந்தபோதே இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை மனனம் செய்திருந்தவர். சுல்தான் தங்கிவிடுமாறு கேட்டும் மறுத்துச் சீனம் சென்றார். அங்கே பெருஞ்செல்வமும் மதிப்பும் பெற்று வாழ்ந்தார். நெடுநேரம் உற்றுப் பார்த்த பின்னரே ஒருவரையொருவர் அடையாளம் கண்டு இருவரும் அழுதனர். பிற்காலத்தில் அவருடைய சகோதரரை ஸிஜில்மாஸாவில் சந்தித்ததையும் இப்னு பதூதா குறித்துள்ளார். ஒரே கல்விமரபில் வந்த இருவருள் ஒருவருக்கு அந்நாடு சிறையாயிற்று, மற்றவருக்கு வீடாயிற்று.

இவர்களுக்கு முன்னரே மங்கோலிய யுவான் பேரரசு முஸ்லிம் அறிஞர்களை அழைத்துப் பணியில் அமர்த்தியிருந்தது. 1267இல் ஜமாலுத்தீன் என்னும் வானியல் அறிஞர் குப்ளாய் கானுக்கு ஏழு வானியல் கருவிகளை அளித்தார். அவற்றுள் ஒன்று பூமி உருண்டை. 1271இல் இஸ்லாமிய வானியலுக்கெனத் தனி ஆய்வகம் அமைந்தது. 1289இல் முஸ்லிம்களின் எழுத்துமுறையைக் கற்பிக்க அரசுக் கல்லூரி ஒன்று திறக்கப்பட்டது. இஃப்திகாருத்தீன் என்று ஆய்வாளர் இனங்காணும் அறிஞர் அவ்வெழுத்தில் வல்லவராக இருந்தார்; உயர்குடியினர், அதிகாரிகள், செல்வர் ஆகியோரின் மக்கள் அங்கே பயின்றனர். ஆசிரியர்க்கு மதிப்பும் ஊதியமும் இருந்தன. ஆனால் அக்கல்வி அரசவையின் தேவைக்காக நடந்த கல்வி. அரசவை மாறினால் அதன் கதி என்ன?

1368இல் மிங் அரசு அமைந்தது. அந்நிய உடை, அந்நிய மொழி, அந்நியக் குலப்பெயர் ஆகியன தடுக்கப்பட்டன. வானியலாளரின் தேவை மட்டும் தொடர்ந்தது. பேரரசர் ஆணைப்படி 1382இல் இஸ்லாமிய வானியல் நூல்களைச் சீனத்தில் பெயர்க்கும் பணி தொடங்கியது. மற்றபடி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் மெல்லச் சீன மொழிக்கு மாறினர். தொழுகை இருந்தது, ஓதுதல் இருந்தது, ஓதுவதன் பொருள் மங்கிக்கொண்டே வந்தது.

இந்த இடத்தில்தான் ஷான்சி மாநிலத்து ஹூ தெங்சோவ் (1522-1597) எழுகிறார். அவர் வணிகத்துக்காகப் பெய்ஜிங் செல்லும் வழியில் மேற்றிசையிலிருந்து வந்த ஒரு முதியவரைக் கண்டு, அவரிடம் பாடம் கேட்டார் என்று சீன முஸ்லிம்களின் ஆசிரிய மரபு கூறும். ஊர் திரும்பியவர் தம் இல்லத்திலேயே மாணவரைச் சேர்த்து, உணவளித்துக் கற்பித்தார். அரபு, பாரசீக நூல்களுக்குச் சீனப் பேச்சுமொழியில் விளக்கம் சொல்லும் முறை அவர் வழியே வேரூன்றியது. அவர்தம் மாணவரும் மாணவரின் மாணவரும் அதனை நாடெங்கும் கொண்டு சென்றனர்.

அம்முறையில் ஆசிரியர் பெரும்பாலும் வெளியூரார். ஜமாஅத்தார் ஓர் ஆஹுங்கை அழைத்து வருவர். பாரசீக 'ஆகூந்த்' என்னும் சொல்லின் சீன வடிவம் அது. பொதுவாக மூன்றாண்டுத் தவணை. நிறைவு கண்டால் தவணை நீளும். 'ஹலீஃபா' என்று அழைக்கப்பெறும் மாணவர் பள்ளிவாசலில் தங்கி, ஊரார் தந்த உணவை உண்டு ஓதினர். நம் பழைய மதரஸாக்களில் ஊர்வீடுகளின் சோற்றை உண்டு ஓதியவர்க்கு இது புதிய செய்தியாக இராது. அங்கே மாணவர் பாடக்குறிப்புகளைச் சீனச் சித்திர எழுத்தில் எழுதவில்லை. தம் தாய்மொழியை அரபு எழுத்தில் எழுதினர். 'ஷியாவ்ஜிங்' எனப்படும் அவ்வழக்கு நம் அரபுத்தமிழின் உடன்பிறப்பே அன்றோ! தொழுகை அழைப்பை அவர்கள் 'பாங்கே' என்கின்றனர். நாம் 'பாங்கு' என்கிறோம். ஒரே பாரசீகச் சொல் இரு கடல்களுக்கு அப்பால் இரு மொழிகளில் குடியேறியிருக்கிறது.

வாங் தாய்யூ என்னும் பேரறிஞரின் வாழ்வு இதற்குச் சான்று. தம் மூதாதையர் மிங் அரசின் தொடக்கத்தில் மேற்றிசையிலிருந்து வந்து, வானியல் கணக்கைத் திருத்தியமைக்காக நான்கிங்கில் குடியமர்த்தப்பட்டார் என்று அவர் எழுதுகிறார். அவரோ இளமையில் மார்க்கக் கல்வி மட்டுமே கற்றவர். சீன நூல்களைப் படிக்கத் தொடங்கியது வயது வந்த பின்னரே. 1642இல் இஸ்லாமியக் கோட்பாட்டை விளக்கி அவர் எழுதிய சீன நூல் வெளிவந்தது. அந்நியராய் வந்த ஓர் அறிஞரின் கல்வி, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து அம்மண்ணின் மொழியில் பேசியது.

இருபதாம் நூற்றாண்டிலும் இதே பாடத்தைக் காண்கிறோம். 1933இல் அல்அஸ்ஹரிலிருந்து முஹம்மது அத்தாலீ, முஹம்மது இப்ராஹீம் ஃபுலைஃபில் என்னும் இரு ஆசிரியர்கள் பெய்ஜிங்கின் செங்தா ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு வந்தனர். அதற்கு ஈராண்டுகள் முன்னரே, 1931இல், சீன மாணவரின் முதற்குழு கெய்ரோ சென்றிருந்தது. அக்குழுவின் மா ஜியான், அங்கே மாணவராக இருந்தபோதே கன்ஃபூஷியஸின் உரைத்தொகுப்பை அரபியில் பெயர்த்து 1935இல் வெளியிட்டார். கற்கச் சென்றவர் தம் ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார். 1946இல் பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் அரபுப் பேராசிரியராக அமர்ந்தார். அவர் செய்த திருக்குர்ஆனின் சீன மொழியாக்கம் முழுமையாக 1981இல், அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், அச்சேறியது.

என் மாணவரிடம் இறுதியாகச் சொன்னது இதுதான். உணவகங்களில் 'சிங்ஜென்' என்னும் இரு சீன எழுத்துகளை அடையாளம் காணப் பழகிக்கொள்ளுங்கள். பசிக்கு வழி பிறக்கும். ஆனால் உங்கள் கல்வி அங்கே தங்க வேண்டுமானால், கற்பிக்கத் தொடங்கும் நாளிலேயே அவ்வூர் மொழியைக் கற்கவும் தொடங்குங்கள். மாணவராக இருக்கச் சம்மதிக்காத ஆசிரியருக்கு எந்த ஊரும் அந்நிய ஊரே.

அவர் சென்ற பின் அச்சொல் என்னையே திரும்பி நோக்கியது. முப்பதாண்டுகளாக அரபு கற்பிக்கிறேன். நம் முன்னோர் தம் மக்களுக்குப் புரியும் மொழியில் மார்க்கத்தைத் தர அரபுத்தமிழில் நூல்கள் யாத்தனர். இன்று என் வகுப்பில் அதனைத் தடையின்றி வாசிப்போர் ஓரிருவரே. இலக்கணச் சூத்திரத்தை ஒப்பிக்கும் மாணவர், அதன் பொருளைத் தம் தாயாருக்கு நல்ல தமிழில் சொல்லத் திணறுகிறார். பிறந்த ஊரிலேயே நாம் அந்நிய ஆசிரியர்களாகி விட்டோமா? ஹூ தெங்சோவ் தம் வீட்டுத் திண்ணையில் தொடங்கிய பணியை, நாம் நம் வகுப்பறைகளில் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. அதற்கான ஆற்றலை அல்லாஹ் நமக்கு அருள்வானாக!