கல்வெட்டும் கணினியும்: அல்லூர் ஆய்விலிருந்து சோழர் பெயரடைவு வரை

ஆய்வுச்சுருக்கம்

தமிழகக் கல்வெட்டாய்வில் கணினியின் வரவு அண்மைக்கால நிகழ்வன்று. 1966இல் கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டில் நொபொரு கராசிமா முன்வைத்த அல்லூர், ஈசானமங்கலம் பற்றிய ஆய்வும், 1978இல் வெளிவந்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவும் அதன் தொடக்கநிலைகளைக் காட்டுகின்றன. கணினியின் எண்ணிக்கைக்கு ஆய்வுமதிப்பைத் தருவது அதற்கு முற்பட்ட வினாவும் வகைப்பாடுமே என்பதை இக்கட்டுரை மண்ணச்சநல்லூர் வட்டத்துத் திருவெள்ளறைச் சான்றுகொண்டு நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கல்வெட்டியல், பெயரடைவு, அல்லூர், திருவெள்ளறை, எண்ணிமத் தொல்லியல்.

வினாவின் பிறப்பு

அல்லூர் திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரியின் தென்கரையில் உள்ளது. அவ்வூரும் அதனை அடுத்த ஈசானமங்கலமும் முற்காலச் சோழர் கல்வெட்டுகளில் இடம்பெறுகின்றன. முன்னது வேளாளர் ஊர், பின்னது பிரமதேயம். இவ்விரண்டின் நிலவிற்பனை, நிலக்கொடை ஆவணங்களைக் கராசிமா ஒப்பிட்டார். அல்லூரில் நிலம் ஊராரின் பொது உரிமையில் இருந்ததையும், ஈசானமங்கலத்தில் தனியார் உரிமை நிலவியதையும் அவர் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மாநாட்டில் அவர் முன்வைத்த இவ்வாய்வு, ஒரு சிறு வட்டாரத்தின் கல்வெட்டுகளை முழுமையாகத் திரட்டி ஒப்பிடும் நெறிக்கு எடுத்துக்காட்டாயிற்று.

இரண்டு ஊர்களுக்குப் பொருந்தும் முடிவு சோழநாடு முழுவதற்கும் பொருந்துமா என்பது அடுத்து எழுந்த வினா. அதற்கு விடைகாணப் பல்லாயிரம் பெயர்களையும் பட்டங்களையும் காலவாரியாகவும் இடவாரியாகவும் அடுக்க வேண்டியிருந்தது. அப்பணிக்கே கணினி துணைக்கு அழைக்கப்பட்டது.

பெயரடைவின் பயன்

கராசிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் உருவாக்கிய சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978இல் மதுரையிலிருந்து மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. தொல்லியலில் கணினிப் பயன்பாடு குறித்த தொடர்மாநாடுகள் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 1973இல்தான் தொடங்கின என்பதை நோக்க, தமிழ்க் கல்வெட்டாய்வு இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை என்பது புலனாகும்.

சோழராட்சிக் காலத்தை 849-985, 985-1070, 1070-1178, 1178-1279 என நான்கு பகுதிகளாகப் பிரித்துப் பட்டங்களின் பரவலை ஆராய்ந்தபோது தெளிவான போக்குகள் வெளிப்பட்டன. மூவேந்தவேளான் என்னும் பட்டம் இரண்டாம் பகுதியில் மிகுந்தும் பின்னர்க் குறைந்தும் காணப்படுகிறது. முதலாம் இராசராசன் காலந்தொட்டு அரசின் அலுவல் அமைப்பு வலுப்பெற்றமைக்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. சோழ அரசைக் கூறாக்க அரசு எனக் கருதிய பர்ட்டன் ஸ்டைனின் கோட்பாட்டை மறுக்கும் வாதங்களுக்கு இத்தகைய எண்ணிக்கைச் சான்று உறுதுணையாயிற்று.

திருவெள்ளறை காட்டும் சிக்கல்

எண்ணிக்கைக்கு முன் நிகழ வேண்டிய பணியின் அருமையைத் திருவெள்ளறைக் கிணற்றுக் கல்வெட்டு விளக்கும். சுவத்திக வடிவில் அமைந்த இக்கிணறு பல்லவன் தந்திவர்மனின் 4ஆம் ஆட்சியாண்டில் தொடங்கப்பெற்று 5ஆம் ஆட்சியாண்டில் நிறைவுற்றது. இதனை அமைத்தவன் ஆலம்பாக்கத்து விசையநல்லுழான் தம்பி கம்பன் அரையன். இது பல்லவர் காலத்ததாதலால் சோழர் பெயரடைவின் எல்லைக்குள் வாராது. எனினும் பெயரடைவு செய்வோர் எதிர்கொள்ளும் சிக்கல்கள் அனைத்தும் இவ்வொரு தொடரில் அடங்கியுள்ளன.

ஆலம்பாக்கம் என்பது ஊர். தம்பி என்பது உறவு. கம்பன் என்பது இயற்பெயர். அரையன் என்பது பட்டமா, பெயரின் பகுதியா? இதனைப் பட்டமாகக் குறித்தால் அதிகாரப் படிநிலை பற்றிய ஒரு முடிவும், பெயராகக் குறித்தால் மற்றொரு முடிவும் கிடைக்கும். மேலும், கிணற்றின் பெயர் மார்ப்பிடுகு பெருங்கிணறு. மார்ப்பிடுகு என்பது தந்திவர்மனின் விருதுப்பெயர். ஆலம்பாக்கத்து ஏரியும் அப்பெயர் பெற்றிருந்தது. கணினிக்கு மூன்றும் ஒரே எழுத்துத்தொடர். அரசன், கிணறு, ஏரி எனப் பிரித்துணர்வது கல்வெட்டைப் படித்தவரின் கடமை.

எண்களிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. நில அளவுகளைக் குறிக்கும் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறியீடுகள் ஒருங்குறியில் 2019ஆம் ஆண்டின் 12.0ஆம் பதிப்பிலேயே தனித்தொகுதியாக இடம்பெற்றன. அதற்கு முன் அவற்றைச் சொற்களாகவோ தசம எண்களாகவோ மாற்றியே பதிவுசெய்ய நேர்ந்தது. அம்மாற்றத்தில் நேரும் பிழையை, மூலப்படியோடு ஒப்பிட்டாலன்றிக் கண்டறிதல் இயலாது.

மூலத்திற்குத் திரும்பும் வழி

இதனால் மூலப்படியின் பாதுகாப்பும் அணுக்கமும் முதன்மை பெறுகின்றன. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஆகத்தில் ஆணையிட்டது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. கோயில் திருப்பணிகளில் கற்கள் இடம்பெயர்வதாலும், மணல்வீச்சு முறைத் தூய்மையால் எழுத்துகள் தேய்வதாலும், பல கல்வெட்டுகளுக்குப் பழைய மைப்படியே எஞ்சும் சான்றாகிவிடுகிறது. திருவரங்கம் கோயிலின் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 24ஆம் தொகுதியில் அச்சேறியுள்ளன. இத்தகைய அச்சுப்பாடத்தை மட்டும் எண்ணிமமாக்கினால், பதிப்பாசிரியர் ஐயத்துடன் படித்த எழுத்தும் உறுதியுடன் படித்த எழுத்தும் வேறுபாடின்றிக் கலந்துவிடக்கூடும். சிதைந்த எழுத்து, ஊகித்த எழுத்து, தெளிந்த எழுத்து ஆகியவற்றைத் தனித்தனியே குறிக்கும் எபிடாக் குறியீட்டு நெறி இக்குறையைத் தவிர்க்க உருவானது.

முடிவுரை

அல்லூர் ஆய்வில் கணினி இல்லை. ஆயினும் கணினியிடம் கேட்கவேண்டிய வினா அங்கிருந்தே பிறந்தது. பெயரடைவின் வலிமையும், ஒவ்வொரு பெயரிலிருந்தும் அதற்குரிய கல்வெட்டுக்குத் திரும்பிச் செல்ல இயல்வதிலேயே உள்ளது. எண்ணிமத் தொல்லியல் மாநாடுகளில் முன்வைக்கப்படும் தரவுத்தளங்களை மதிப்பிடுகையில் பதிவுகளின் தொகையைக் காட்டிலும் மூன்று கூறுகள் முதன்மை பெறுதல் தகும்: கல்லிருக்கும் இடத்தின் குறிப்பு, ஐயப்பாடங்களின் வெளிப்படையான பதிவு, வகைப்பாட்டின் வரையறை. இவை அமையாதவிடத்து, அரையன் என்னும் சொல் ஆயிரம் முறை எண்ணப்பட்டாலும் அது யாரைக் குறித்தது என்பது விளங்காது.