மறைக்கப்பட்ட பெயர்

1954 பெப்ரவரி 19 அன்று டோக்கியோவின் தெருமுனைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் மக்கள் திரண்டு நின்றனர். ரிக்கிடோசான் என்ற மல்லர், கையின் விளிம்பால் வெட்டுவதுபோல் அடித்து, வெள்ளைப் பேருருவினரை வீழ்த்திக்கொண்டிருந்தார். போரில் தோற்று, 1952 வரை அந்நியப் படையின் ஆளுகையில் வாழ்ந்த யப்பானியருக்கு அது வெறும் விளையாட்டன்று, பழிதீர்ப்பு.

அவர் 1953இல் யப்பான் தொழில்முறை மல்யுத்தச் சங்கத்தை நிறுவினார். அவ்வாண்டிலேதான் அங்கு தொலைக்காட்சி ஒளிபரப்பும் தொடங்கிற்று. பெட்டி வாங்க உழைப்பாளருக்கு வசதியில்லை. விளம்பரதாரருக்குக் காட்டக் கூட்டம் வேண்டியிருந்த தனியார் நிலையம், தெருக்களில் பெட்டிகளை வைத்தது. மல்யுத்தம் தொலைக்காட்சியை வளர்த்தது. தொலைக்காட்சி மல்யுத்தத்தை வளர்த்தது.

ஆனால் மோதியவர் யார்? அமெரிக்கராக எண்ணப்பட்ட ஷார்ப் சகோதரர் கனடியர். ரிக்கிடோசானோ, யப்பானின் குடியேற்ற நாடாயிருந்த கொரியாவில் கிம் சின் ராக் என்ற பெயருடன் பிறந்தவர். சுமோ மல்லராயிருந்த காலத்திலேயே அவரது பிறப்பு மறைக்கப்பட்டு, நாகசாகிப் பகுதியினர் எனக் காட்டப்பட்டார். தொழில்முறை மல்யுத்தத்தில் வெற்றி தோல்வியும் முன்கூட்டியே வகுக்கப்படுவதன்றோ!

1963 டிசெம்பரில் இரவு விடுதியொன்றிற் கத்திக்குத்துக்கு ஆளாகி அவர் இறந்தார். மாணவர்களான இனோக்கியும் பாபாவும் 1972இல் தனித்தனி நிறுவனங்கள் கண்டனர். மறு ஆண்டே சங்கம் மறைந்தது.

மக்களின் காயம் மெய். அதற்குப் பூசப்பட்ட மருந்தே சரக்கு. அடிமை நாட்டில் பிறந்தவனைத் தேசிய வீரனாக்கிய சமுதாயம், அவன் பெயரை மட்டும் ஏற்க மறுத்தது. வகுக்கப்பட்ட அந்த ஆட்டத்தில் உண்மையாகவே தோற்றது அப்பெயர்தான்.